அடிக்கச் சொன்ன பாரா

ரத்தத்தைப் பற்றி சகாதேவன் சாருக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எழுபதுகளில் திருவண்ணாமலையில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவரே அவர்தான். ஆனாலும் அதில் பொய் கிடையாது. கலசபாக்கம் பக்கத்தில் கரும்பும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பத்தில் பிறந்து, பி.எஸ்ஸி. முடித்து, டவுனில் ஒரு உயர்நிலைப் பள்ளிக்கு விஞ்ஞான வாத்தியாராக வந்து சேர்ந்தவர். மற்ற பாடங்களையெல்லாம் நடத்துவார். ரத்தத்தைப் பற்றிய பாடம் வந்துவிட்டால் கச்சேரியே வைத்துவிடுவார்.

அன்றைக்கென்று சட்டை சலவையில் இருந்து வரும். சிவப்பிலும் நீலத்திலும் கலர் சாக்பீஸ் வரும். கையை எடுக்காமல் ஒரே இழுப்பில் இதயத்தைப் போர்டில் இறக்கிவிட்டுத் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து வகுப்புப் பையன்கள் ஜன்னலில் தொங்குவார்கள்.

"இதயம் கோயில்னு வெச்சுக்கோ. உடம்பு மலை. ரத்தம் கிரிவலம் போவுது. எங்க கெளம்புச்சோ அங்கயே வந்து சேரும். சேர்ந்ததும் மறுபடியும் கெளம்பும். அதுக்கு ஓய்வே கெடையாது. பிளாஸ்மான்றது தண்ணி மாதிரி. ரத்தத்துல பாதிக்கு மேல அதான். நீ தின்ன சோத்தோட சத்து, உடம்போட கழிவு, சூடு, எல்லாம் அதுலதான் பிரயாணம். செவப்பணு இருக்கானே, அவன் மூட்டை தூக்கறவன். நுரையீரல்ல ஆக்ஸிஜனைத் தூக்கினான்னா கால் கட்டை வெரல் வரைக்கும் போய் எறக்கிட்டுத்தான் திரும்புவான். வெள்ளணு போலீஸ். தீபத்தன்னிக்கு நிக்கிற மாதிரி மூலைக்கு மூலை நிப்பான், கிருமியைப் பார்த்தா விடமாட்டான். தட்டணு கொத்தனாரு. கை கிழிஞ்சா ஓடியாந்து பூசி அடைச்சிடுவான்."

கடைசியில் குரலைத் தாழ்த்துவார். வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருக்கும்.

"உடம்புல இருக்கறது அஞ்சு லிட்டர். கடையில விக்காது, கெணத்துல ஊறாது. போனா..."

"போனதுதான்!" என்று வகுப்பு மொத்தமும் கத்தும்.

இந்த வாக்கியம் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. புத்தகத்தில் இருந்தது இதற்கு நேர் எதிரானது. பாடத்தின் கடைசிப் பாராவில் தெளிவாக அச்சடித்திருந்தார்கள்: சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் நாலு மாதம், பழையவை அழிய அழிய எலும்பு மஜ்ஜையில் புதியவை உண்டாகிக்கொண்டே இருக்கும், ஆகவே உடல்நலம் உள்ளவர் ஒரு பாட்டில் ரத்தம் கொடுத்தாலும் சில வாரங்களில் அது ஈடாகிவிடும்.

சகாதேவன் சார் இந்தப் பாராவைப் படிக்காதவர் இல்லை. அதை அடிக்கச் சொன்னவர். இதில்தான் அவருடைய தொழில் ரகசியம் இருந்தது. ஒவ்வொரு பாடமும் ஆரம்பிக்கும்போது, "எல்லாரும் பென்சில் எடுங்கடா" என்பார். பரீட்சையில் எந்தக் காலத்திலும் கேட்காத பாராவாகப் பார்த்துச் சொல்லிக்கொண்டே போவார். பையன்கள் குறுக்கே கோடு போட்டு அடித்துக்கொண்டே வருவார்கள். மிஞ்சியதைப் படித்தால் போதும், பாஸ். அவர் வகுப்பில் விஞ்ஞானத்தில் கோட் அடித்து ஃபெயிலானவன் அபூர்வம். பெற்றோர்கள் கும்பிட்டார்கள். தலைமையாசிரியர் மற்ற வாத்தியார்களை, "சகாதேவனைப் பார்த்துக் கத்துக்குங்கய்யா" என்று வறுத்தெடுத்தார். புத்தகம் வருஷா வருஷம் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், தெருவில் இன்னொரு வீட்டுக்கும் பாதி விலையில் போகும். கோடுகளும் கூடவே போகும்.

சாரிடம் குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அவருக்கு ரத்தத்தைப் பார்த்தால் ஆகாது.

இது வெளியே தெரிந்தது ஒரே ஒரு தடவை. ரத்தப் பாடம் தொடங்கும் அன்றைக்கே முதல் பெஞ்சில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் கொட்டியது. வெயில் காலம், சகஜம். சார் பார்த்தார். கையில் இருந்த சிவப்பு சாக்பீஸ் விழுந்தது. அவரும் நாற்காலியில் பொத்தென்று விழுந்தார், முகம் சுண்ணாம்பாக வெளுத்துப்போய். கடைசி பெஞ்சு மூர்த்தி தன் துண்டை நனைத்துக் கொண்டுவந்து பையன் மூக்கில் வைத்து அழுத்தினான். பிறகு சாரைப் பார்த்தான். சிரித்துவிட்டான்.

அந்தச் சிரிப்புக்கு, ரத்தப் பாடம் முடிகிற வரைக்கும் வகுப்புக்கு வெளியே நிற்கவேண்டும் என்று தண்டனை. மூர்த்தி வேப்பமரத்தடியில் நின்று மலையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்த வருஷம் விஞ்ஞானத்தில் கோட் அடித்த அபூர்வப் பிறவி அவன்தான். பள்ளிக்கூடத்தோடு அவனுக்கு இருந்த உறவு அதோடு முடிந்தது.

அடுத்த வருஷமோ என்னவோ, ஊரில் ஒரு சங்கத்தார் பள்ளிக்கு வந்து, விரலில் குத்தி, மாணவர்களுக்கெல்லாம் ரத்தப் பிரிவு பார்த்துச் சொன்னார்கள். பழைய மாணவர்களும் வந்து விரல் நீட்டினார்கள். யார் யார் என்ன பிரிவு என்று சார்தான் போர்டில் எழுதினார். "நீங்க வரலையா சார்?" என்று கேட்டதற்கு, "நான் எப்பவோ பார்த்துட்டேன். ஓ குரூப்பு. எல்லாருக்கும் குடுக்கலாம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார். எப்போதும் பார்த்ததில்லை. ஆனால் நாலு பிரிவில் எது தனக்குப் பொருத்தம் என்று அவருக்கு ஒரு சந்தேகமும் இருந்ததில்லை.

வீட்டுக்கு வருவோம். சாரின் மனைவி வேதாவுக்கு வாய் ஜாஸ்தி, ரத்தம் கம்மி. முதலாவது தெருவுக்கே தெரியும். இரண்டாவது யாருக்கும் தெரியாது, ரத்தத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவர் உட்பட. ஹீமோகுளோபினுக்கு இரும்புச்சத்து வேண்டும், முருங்கைக்கீரை தின்னுங்கடா என்று பள்ளியில் முழங்குகிற சாருக்கு வீட்டில் முருங்கைக்கீரை வாசனையே பிடிக்காது. அதனால் வேதா அதைச் செய்வதை நிறுத்திப் பல வருஷமாகிறது. மாதா மாதம் அவளுக்கு ரத்தம் கொட்டியதையும் அவள் சொல்லவில்லை. சொன்னால் மனுஷன் மயங்கி விழுவார், அப்புறம் அவரையும் சேர்த்துத் தூக்க வேண்டும். நடந்தால் மூச்சு வாங்கியது. "உடம்பை வளைச்சு வேலை செஞ்சா இதெல்லாம் வராது" என்று சார் வைத்தியம் சொன்னார்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, அம்மன் சன்னதிக்குப் போகிற வழியில் கிளி கோபுரத்தைத் தாண்டியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். யாரோ பூக்காரி தண்ணீர் தெளித்து, ரிக்‌ஷா பிடித்து ஏற்றிவிட்டாள். செங்கம் ரோட்டில் சின்னதாக ஒரு நர்ஸிங் ஹோம் வைத்திருந்த டாக்டர் கஸ்தூரி, பரிசோதனையெல்லாம் முடித்து, வேதாவின் கீழ் இமையை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சேதி கேட்டு ஓடிவந்திருந்த சார் பக்கம் திரும்பினார்.

"வாத்தியாரா நீங்க? இந்தக் கண்ணைப் பார்த்தீங்களா சார்? காகிதம் மாதிரி இருக்குது. கர்ப்பப்பையில கட்டி. உடனே ஆபரேஷன் பண்ணியாகணும். ஆனா இந்த ரத்தத்தை வெச்சுக்கிட்டு டேபிள்ல ஏத்தினா எறக்க முடியாது. ரெண்டு பாட்டில் ரத்தத்துக்கு ஏற்பாடு பண்ணுங்க. இவங்க ஓ குரூப். ஓ மட்டும்தான் சேரும். நாளைக்குள்ள வேணும்."

சாருக்கு உள்ளங்கால் சில்லிட்டது. ஆனாலும் வேதா படுத்திருந்தாள். அவள் கை அவர் கையைவிடச் சில்லென்று இருந்தது. இருபது வருஷமாக அந்தக் கையில் சாப்பிட்டவர் அவர். பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, விரலை நீட்டினார்.

"நான் ஓதான் டாக்டர். எடுத்துக்குங்க."

சற்று நேரத்தில் டாக்டர் வந்தார். "நீங்க ஏபி சார். உங்களுக்கு யார் வேணா குடுக்கலாம். நீங்க உங்க வீட்டம்மாவுக்குக் குடுத்தா ஆளையே கொன்னுடும்."

படுக்கையில் இருந்த வேதா கண்ணைத் திறக்காமலே, "எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

மகள் சந்திரகலா திண்டிவனத்தில் ஏழு மாத கர்ப்பிணி. வேதாவின் தம்பி முருகையன் ஓடிவந்தான். போன வருஷம் மஞ்சள் காமாலை வந்தவன் என்று டாக்டர் திருப்பி அனுப்பினார். சார் கலங்கவில்லை. ஊர் முழுக்க அவர் மாணவர்கள். யார் யார் ஓ பிரிவு என்று போர்டில் எழுதிய கையல்லவா? சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

முதலில் தேரடித் தெருவில் பாத்திரக் கடை ஆதிமூலம். ரத்தப் பாடத்தில் முழு மார்க் வாங்கியவன். சாரைப் பார்த்ததும் கல்லாவை விட்டு எழுந்து ஓடிவந்து, ஸ்டூல் போட்டு, கோலி சோடா வரவழைத்தான். விஷயத்தைக் கேட்டதும் முகம் தொங்கிப்போயிற்று.

"சார், உங்களுக்கு இல்லைன்னு சொல்ல எனக்கு வாயே வரலை. ஆனா இருக்கறதே அஞ்சு லிட்டர்தான். ரெண்டு பொம்பளைப் புள்ளைங்களை வெச்சிருக்கேன் சார்."

"அது ஊறும்பா ஆதிமூலம். எலும்பு மஜ்ஜையில புதுசு புதுசா உண்டாயிக்கிட்டே இருக்கும்."

ஆதிமூலம் அவரை இரக்கத்தோடு பார்த்தான். "வீட்ல அம்மாவுக்கு முடியலைன்னு பதட்டத்துல பேசறீங்க சார். உங்களை எனக்குத் தெரியாதா? நீங்க சொன்னது இன்னும் காதுலயே நிக்குது. கடையில விக்காது, கெணத்துல ஊறாது, போனா போனதுதான்."

ஒரு எழுத்துப் பிசகவில்லை. மனைவி சாகக் கிடக்கிற அந்த நேரத்திலும் சாருக்குள் இருந்த வாத்தியார் ஒரு நொடி பெருமைப்பட்டுத் தொலைத்தார்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் வேணு. "உசிரைக் கேளுங்க சார், தர்றேன்" என்றவன், கேட்டது ரத்தம் என்றதும், வண்டிக்கு நேரமாகிவிட்டது என்று விசில் ஊதினான். விழுப்புரம் பஸ் வழக்கத்துக்கு மாறாக நேரத்துக்குக் கிளம்பியது.

கடைசி நம்பிக்கை அப்பாசாமி. அவனும் விஞ்ஞான வாத்தியார்தான் இப்போது. படித்தவனுக்குப் படித்தவன் சொன்னால் புரியும் என்று சார் வெயிலில் வேங்கிக்கால் வரை மிதித்தார். அப்பாசாமி காலில் விழுந்து கும்பிட்டான். தான் படித்த பழைய புத்தகத்தையே எடுத்துவந்து காட்டினான். அதை வைத்துத்தான் பாடம் நடத்துகிறானாம்.

"உங்க பாயிண்ட் ஒண்ணு விடாம சொல்லித்தர்றேன் சார். அஞ்சு லிட்டர் பாயிண்ட்டைச் சொன்னா பசங்க அசந்துபோறாங்க."

சார் பக்கத்தைப் புரட்டி அந்தப் பாராவில் விரலை வைத்தார். "இதைப் படி. குடுத்தா ஈடாயிடும்னு போட்டிருக்கு பார்."

அப்பாசாமி பார்த்தான். குறுக்கே இருந்த பென்சில் கோட்டைத்தான் பார்த்தான். "இது அடிச்ச பாராவாச்சே சார். தப்பா இருக்குன்னுதானே அடிக்கச் சொன்னீங்க?"

"தப்புன்னு இல்லப்பா. பரீட்சைக்கு வராதுன்னு."

அப்பாசாமிக்கு இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பிடிபடவில்லை. யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். உள்ளே அவன் பெண்டாட்டி பாத்திரத்தை வேண்டுமென்றே உருட்டும் சத்தம் கேட்டது. சார் அங்கிருந்து வெளியே வந்தார். வேதாவை நம் கையாலேயே கொன்றுவிட்டோம் என்று நினைத்தார். அவர் வாழ்நாளில் தன்னைப் பற்றி நினைத்ததில் இதுதான் மிகையில்லாத நினைப்பு.

நர்ஸிங் ஹோமுக்குத் திரும்பும் வழியில், ஆசிரமத்தைத் தாண்டும் முன்பே சைக்கிளில் காற்று இறங்கியது. எதிரே வாடகை சைக்கிள் கடை. மலையைச் சுற்ற வருகிற வெள்ளைக்காரர்களுக்கு சைக்கிள் விட்டுப் பிழைக்கிற கடை. பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்தான். மூர்த்தி.

"இன்னா சார், இந்த வெயில்ல தள்ளிக்கினு வர்றீங்க?" டயரைக் கழற்றியபடியே முகத்தைப் பார்த்தான். "வூட்ல எதுனா பிரச்சனையா?"

கேட்டதற்காகச் சொன்னார். எதிர்பார்த்துச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் நிற்க வைத்தவனிடம் எந்த முகத்தோடு எதிர்பார்ப்பது? மூர்த்தி டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டுவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியில் கையைத் துடைத்தான்.

"என்னுது அந்த குரூப்பா இருக்குமா சார்?"

"தெரியாதுப்பா. டெஸ்ட் பண்ணித்தான் பார்க்கணும்."

"அப்ப வாங்க போலாம்."

சாருக்கு, இவனிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "மூர்த்தி, நீ பயப்படாதே. ரத்தம்ன்றது என்னன்னா..."

"எனக்கு அதெல்லாம் தெரியாது சார். நீங்க அந்தப் பாடம் நடத்தறப்போதான் என்னை வெளிய நிக்க வெச்சுட்டீங்களே."

அந்தப் பேச்சில் குத்தல் இருக்கிறதா என்று சார் தேடினார். இல்லை. கடையைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

மூர்த்தி ஓ பிரிவு. இன்னொரு பாட்டிலுக்கு அவன் பெண்டாட்டி திரௌபதியை வரச் சொல்லி ஆள் அனுப்பினான். அவளும் ஓ. பள்ளிக்கூட வாசலையே மிதிக்காதவள். "எவ்ளோ வேணுமோ எடுத்துக்கமா, சீக்கிரம் எடு, உலை வெச்சுட்டு வந்துட்டேன்" என்று டாக்டரை விரட்டினாள்.

மூர்த்தி படுத்திருக்கும்போது பக்கத்தில் நிற்பது தன் கடமை என்று சார் நின்றார். ரப்பர் குழாயில் சிவப்பு இறங்கியது. கண்ணாடிப் பாட்டிலில் ஏறியது. பிளாஸ்மா, சிவப்பணு, வெள்ளணு, தட்டணு எல்லாம் கலந்து, உயிரோடு, கொஞ்சம் நுரைத்துக்கொண்டு. இத்தனை வருஷம் கலர் சாக்பீஸில் வரைந்ததை முதல் முதலாகக் கண்ணை எடுக்காமல் பார்த்தார். நர்ஸ் நாற்காலியை நகர்த்துவதற்குள் சரிந்தார்.

முகத்தில் தண்ணீர் பட்டுக் கண் விழித்தபோது கட்டிலில் இருந்த மூர்த்தி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"சிரிச்சுக்கலாமா சார்?"

"சிரிப்பா" என்றார் சார். சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வேதாவுக்குக் கன்னத்தில் நிறம் திரும்பியது. அதற்கு முன்பே வாய் திரும்பிவிட்டது. சார் தன் கையால் ஆய்ந்து, தன் கையால் கருக்கிய முருங்கைக்கீரையை அவளுக்கு ஊட்டப் போனார்.

"தள்ளி நில்லுங்க. இப்ப என் உடம்புல ஓடறது மூர்த்தி ரத்தம். என்னை வெளிய நிக்க வெச்சுடப் போறீங்க."

"அதெல்லாம் நாலு மாசம்தான். பழைய செவப்பணு எல்லாம் போயிடும். மஜ்ஜையில புதுசு ஊறி, மறுபடியும் எல்லாம் உன் ரத்தமாயிடும். மூர்த்திக்கும் அந்நேரம் குடுத்தது ஈடாயிருக்கும்."

வேதா கீரையை மென்று விழுங்கினாள். "இவ்ளோ அழகா சொல்றீங்க. இதை அந்தப் பசங்களுக்கு அப்பவே சொல்லியிருக்கலாமில்ல?"

சார் கிண்ணத்தில் இருந்த கீரையைக் கரண்டியால் வழித்தெடுத்தார். பிறகு அவளுக்கு அடுத்த வாய் ஊட்டினார்.

மறு வருஷம் ரத்தப் பாடம் வந்தது. சட்டை சலவையில் இருந்து வந்தது. கலர் சாக்பீஸ் வந்தது. ஜன்னலில் பக்கத்து வகுப்பு தொங்கியது. கிரிவலம், மூட்டை, போலீஸ், கொத்தனார் எல்லாம் முடிந்து அஞ்சு லிட்டருக்கு வந்தார். வகுப்பு மூச்சை அடக்கிக்கொண்டு வாயைத் திறந்து வைத்திருந்தது.

"எல்லாரும் ரப்பர் எடுங்கடா" என்றார் சார்.

பையன்கள் விழித்தார்கள். பாதிப் பேரிடம் அண்ணன்களின் பழைய புத்தகம். கடைசிப் பாராவில் கோடு ஏற்கெனவே இருந்தது. அதை அழிக்கச் சொன்னார். அழுத்திப் போட்ட கோடு, லேசில் போகவில்லை. மேஜை மேஜையாகப் போய், அழிகிறதா என்று குனிந்து பார்த்தார். பிறகு அந்தப் பாராவை ஒவ்வொருவனாக எழுந்து உரக்கப் படிக்கச் சொன்னார். இதெல்லாம் அவர் வகுப்பில் நடக்காத விஷயம். முதல் பெஞ்சில் ஒருவன் பொறுக்கமாட்டாமல் எழுந்தான்.

"சார், இது பரீட்சைக்கு வருமா சார்?"

"போன வருஷம் வந்துச்சுடா" என்றார் சகாதேவன் சார். "நான் ஃபெயில்."

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அவர் யாரையும் வெளியே அனுப்பவில்லை.